விரலை எடுத்தால் நிற்க வேண்டும்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆவல் முழுக்க உண்மை. நலத்தில் மட்டும் உன் அப்பாவின் இடது கையைக் கழித்துக்கொள். பதறாதே, கை இருக்கிறது, ஐந்து விரலும் இருக்கின்றன, பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன், தபாலை நம்பிக் காத்திருக்கிற பொறுமை எனக்குக் கிடையாது என்பது உனக்குத் தெரியாததா.

கொஞ்ச நாளாக நீ போன் செய்து அப்பா எங்கே என்று கேட்டபோதெல்லாம் குளிக்கிறார் என்றேன். காலையில் கேட்டாலும் குளிக்கிறார், சாயங்காலம் கேட்டாலும் குளிக்கிறார். நேற்றுத்தானே குளித்தேன் என்று சண்டைக்கு வருகிற மனுஷன் இப்படி ஓயாமல் குளிக்கிறாரே என்று உனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? என் வயிற்றில் பிறந்துவிட்டு இவ்வளவு அப்பாவியா? அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். "பாப்பாவும் அதே மெஷினத்தான் பிடிக்கிறா, தெரிஞ்சா கை நடுங்கிடும், சொல்லாத" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு படுத்திருந்தார்.

நடந்தது இதுதான். பட்டறையில் அந்தக் கையில் தூக்கி அறுக்கிற பேண்ட் சா மெஷினில் குழாய் அறுத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு துண்டுதானே என்று குழாயை வைஸ் இடுக்கியில் இறுக்காமல் இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் மெஷினை ஓட்டியிருக்கிறார். குழாய் அறுந்ததும் மெஷின் தன் கனத்தில் கீழே இறங்கியது. உடனே கைப்பிடிச் சுவிட்சிலிருந்து விரலை எடுத்துவிட்டார். எடுத்து என்ன பயன்? அமுக்கிப் பிடித்தால் விரல் வலிக்கிறது என்று சுவிட்சின் மேல் நீல டேப்பை இறுக்கிச் சுற்றி வைத்திருப்பாரே, எத்தனை வருஷப் பழக்கம், உனக்குத் தெரியாததல்ல. சுவர் சுவிட்சில் போட்டு சுவர் சுவிட்சிலேயே அணைப்பதுதானே அவர் வழக்கம். மெஷின் பாட்டுக்கு ஓடியது. பிளேடு இடது கையில் இறங்கிவிட்டது. நான் ஓடிப்போய்ச் சுவரில் அணைத்தேன், அதற்குப் பிறகுதான் அவர் கையைப் பார்த்தேன், அதை எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் "விரல எடுத்துட்டேன் டாக்டர், நான் விரல எடுத்துட்டேன்" என்று இதையே சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸம்மா என்னைப் பார்த்து, "எடுத்த விரல் எங்கம்மா, ஐஸ்ல போட்டுக் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். நானும் கைப்பையைத் திறந்து தேடினேன், நம்புவாயா? பஸ் டிக்கெட்டும் உடைந்த சீப்பும்தான் இருந்தன. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், நானும் ஒரு நாள் சிரித்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் சிரிப்பு வரவில்லை. விரலை மடக்குகிற நரம்புகளாம், சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் போகிறவை அறுந்துவிட்டன, சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். டாக்டர், "மடங்கும்னும் சொல்லமாட்டேன், மடங்காதுன்னும் சொல்லமாட்டேன்" என்கிறார். இதைச் சொல்ல அவ்வளவு படிக்க வேண்டுமா என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். எதிர்வீட்டுத் தையல்காரி பார்க்க வந்துவிட்டுப் போனாள், அவள் தெருமுனை போய்ச் சேர்வதற்குள் அப்பாவுக்கு முழங்கை வரை போய்விட்டது. கடைக்காரர் என்னிடம் துக்கம் விசாரிக்கிறார். சட்டைப் பொத்தானெல்லாம் நான்தான் போட்டுவிடுகிறேன், கல்யாணமான புதுசில்கூட இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை.

இனிமேல்தான் விஷயமே. படுக்கையில் இருந்தபோது உன் படத்தைக் காட்டச் சொன்னார், நீ வேலைக்குச் சேர்ந்ததும் தலைக்கவசம் போட்டு அந்த மெஷினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அனுப்பினாயே, அது. பெரிதாக்கு என்றார், உன் மூஞ்சியைப் பெரிதாக்கினேன். "மூஞ்சி இல்ல, கீழ, கைகிட்ட" என்றார். இத்தனை நாளும் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இளைத்துவிட்டாளே, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதே என்று தெருவுக்கே காட்டியவள் நான். கைப்பிடியில் சுற்றியிருந்த நீல டேப் என் கண்ணில் படவே இல்லை. அப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "என்னப் பாத்துதான் கத்துக்கிட்டா" என்றார். அவ்வளவுதான். தையல் போடும்போதுகூட அந்தக் குரல் வரவில்லை.

அன்றைக்கே உனக்குப் போன் செய்து டேப்பைப் பிரித்துவிடு என்றேன். நீ "சரிம்மா சரிம்மா சரிம்மா" என்றாய். ஒரு சரி என்றால் கேட்டுக்கொண்டாய், மூன்று சரி என்றால் போனை வை என்று அர்த்தம், இது எனக்குத் தெரியாதா? விடாமல் சொன்னதும், "அப்பா இத்தனை வருஷமா ஒட்டி வச்சுத்தானம்மா அறுக்கறாரு, அவருக்கு என்ன ஆயிடுச்சு?" என்று கேட்டாய். அன்றைக்கும் குளிக்கிறார் என்று சொல்லிப் போனை வைத்தேன், சத்தியம் செய்திருந்தேனே. நீ கேட்டதை அவரிடம் சொன்னேன். மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர், "சொல்லிடு, எல்லாத்தையும் சொல்லிடு" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், நடுவில் என் குரல் கேட்டால் பொறுத்துக்கொள். சின்னத் துண்டானாலும் வைஸில் இறுக்கு, இரண்டு கையும் மெஷினில்தான் இருக்க வேண்டும். ஓட்டுவதற்கு முன்னாலேயே மெஷினில் பிளேடோரம் இருக்கிற முன்தடுப்பைக் குழாயோடு ஒட்டி வை, இல்லாவிட்டால் முதல் பல் கடித்ததும் வெட்டி இழுக்கும். மேலிருந்து அழுத்தாதே, அதன் கனமே போதும், அறுந்து முடிகிற நேரத்தில் மெஷினைத் தாங்கிப் பிடி, விழப்போகிற துண்டுக்கு அடியில் முட்டுக் கொடு. பிளேடு நின்ற பிறகுதான் கீழே வை. பிளேடு மாற்றுகிறாய் என்றால் பிளக்கோ பேட்டரியோ முதலில் கழற்று, இறுக்கத்தைத் தளர்த்தினதும் அது துள்ளி வெளியே வரும், அதற்கு மட்டும் கையுறை போடு, ஓடும்போது தொளதொளவென்று கையுறையோ சட்டைக் கையோ கூடாது. பல் உதிர்ந்த பிளேடை இன்னும் ஒரு நாள் என்று ஓட்டாதே. (வீட்டில் பல் உதிர்ந்த சீப்பை ஓட்டுகிறவள் நான், அது வேறு.) பிளேடு சுற்றி ஓடுகிற சக்கரத்து ரப்பரில் ஒட்டுகிற இரும்புத்தூளைத் தினமும் பிரஷ்ஷால் தட்டிவிடு, எண்ணெய் விடாதே, பிளேடு வழுக்கும், பிளேடுக்கென்று இருக்கிற மெழுகைத் தேய். கண்ணாடி போடாமல் தொடாதே. விரல் வலித்தால் மெஷினை இறக்கி வைத்துவிட்டுப் போய் டீ குடி. மேஸ்திரி கத்தினால் கத்தட்டும், வலிக்க விரல் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்.

வீட்டுக்கு வந்த அன்றே அப்பா நேராகப் பட்டறைக்குத்தான் போனார். நான் உதவிக்குப் போனால் முறைத்தார். பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒரு கையாலும் பல்லாலுமாக அந்த டேப்பைப் பிரித்தார், பிசுக்கைத் துணியால் துடைத்தார். பிறகு மெஷினைப் பெஞ்சில் வைத்து, பிளக்கைச் செருகி, வலது கையால் சுவிட்சை அமுக்கினார், விட்டார். அமுக்கினார், விட்டார். விடும்போதெல்லாம் அது நிற்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார். நான் துடைப்பம் தேடுகிற மாதிரி வாசலில் நின்றேன், துடைப்பம் என் கையில்தான் இருந்தது.

நீ நன்றாக இரு. கையும் காலும் கண்ணும் சுகமாக இருந்து நீண்ட காலம் வாழ வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். நேரத்துக்குச் சாப்பிடு. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான்: டேப்பைப் பிரித்துவிட்டு கைப்பிடியை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பு. இந்தத் தடவை உன் மூஞ்சி எனக்கு வேண்டாம். அனுப்பிவிட்டுப் போன் செய். அப்பா குளிக்கவில்லை, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
பொய் சொல்லி ஓய்ந்துபோன
உன் அம்மா