ஆடாமல் இறங்கிய விமானம்

ஞாயிற்றுக்கிழமை, 1987

என் நண்பன் சிவாவின் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு இருக்கிறது. அதை வீடியோ எடுக்கச் சிலிபின் பகுதியில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். கண்பார்வை போதாது என்று விமானிப் பயிற்சிக்கு அவனை எடுக்கவில்லை. பல மாதமாகத் தரையில் மோதிக்கொண்டே இருந்தவன், இன்றுதான் முதல்முறையாக ஓடுபாதையில் ஒழுங்காக இறக்கினான்.

"மச்சான், எறக்கிட்டேன்டா!" என்று கத்தி மேசையில் அடித்தான். மேசைமேல் இருந்த என் கேமரா குலுங்கிவிட்டது.

கல்யாண வீடுகளில் வீடியோ எடுக்கும்போது, மாலையை இன்னொரு தடவை மாற்றுங்கள் என்று சொல்லியே பிழைக்கிற வாய் இது. சும்மா இருக்கவில்லை.

"படம் ஆடிருச்சு. இன்னொரு வாட்டி எறக்கு லா. சத்தம் போடாத."

டேப்பைத் திருப்பி, அதன் மேலேயே எடுத்தேன். சிவா பேசாமல் இறக்கினான். படம் துளிகூட ஆடவில்லை.

"மொத தடவ எறக்குனது எங்க?" என்று கேட்டான்.

"அழிஞ்சிருச்சு."

"பரவால்ல லா." கம்ப்யூட்டரை அணைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து மனைவிக்குப் போட்டுக் காட்டினேன்.

"யாருமே ஓட்டாம, அதுவா எறங்குற மாதிரி இருக்குங்க" என்றாள்.

பாராட்டாகத்தான் சொன்னாள்.