நோண்டுற ரூமை மூடிவிட்டார்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உன் இருமல் விட்டுவிட்டது என்று நீ சொன்னதை நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். புதன்கிழமை போனில் மீட்டிங் எப்படிம்மா போச்சு என்று கேட்டாய், போச்சு என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அன்றைக்கு உன்னிடம் மட்டுமில்லை, மீட்டிங்கிலும் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் காணாமல் போன மோட்டார், சில்வண்டு என்று நாங்கள் கூப்பிடும் பிள்ளையின் வீட்டில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மேக்கர் ஸ்பேஸ் என்று வாசலில் பலகை மாட்டினாலும் பிள்ளைகளுக்கு அது நோண்டுற ரூம்தான். பாடத்தில் மின்சாரம் வந்தால் மின்சாரம், கப்பி வந்தால் கப்பி, படித்ததைக் கையால் ஒரு தடவை செய்து பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அதன் சங்கதி. சாமான்கள் ஒரு வகுப்புக்குத்தான் போதும் என்பதால் பருவம் முடிந்ததும் செய்ததையெல்லாம் பிரித்து அடுத்த வகுப்புக்கு வைத்துவிட வேண்டும் என்று நான்தான் சட்டம் போட்டேன். முதல் வருஷம் அழுதார்கள், அடுத்த வருஷம் யார் முதலில் பிரிப்பது என்று போட்டி போட்டார்கள். பிரிக்கத் தெரிந்தவருக்குத் திரும்பச் செய்யத் தெரியும் என்று வகுப்புக்கு வகுப்பு சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஊர்ப்பட்ட ஸ்க்ரூவை ரகம் பிரிக்கத் தெரியுது, என் சட்டைக்கு ஒரு பட்டன் தைக்க மட்டும் நேரமில்லை என்று அப்பா சொல்வாரே, அதே காலம்தான்.

சில்வண்டைப் பற்றி உனக்கு நான் சொன்னதில்லை. ஏழாம் வகுப்பு, வாய் ஓயாது, அதனால் அந்தப் பேர். அவள் அம்மா தையல் வேலை செய்தவர், போன வருஷம் படுத்தவருக்கு ஒரு பக்கம் அசையவில்லை, பேச்சும் போய்விட்டது. இவள் அடுப்படியில் நின்றால் அம்மா கையசைத்துக் கூப்பிடுவது தெரியாது. மின்சாரப் பாடம் நடந்த வாரம் இவள் ஒன்று செய்தாள். அம்மாவின் நல்ல கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு சுவிட்ச், அதை அழுத்தினால் அடுப்படியில் ஒரு சின்ன மோட்டார் சுழலும், அதில் நூலில் கட்டிய ஸ்க்ரூ ஒன்று எவர்சில்வர் டம்ளரில் டங் டங் என்று அடிக்கும். கொஞ்சமா அடிச்சா தண்ணி, விடாம அடிச்சா கோவம் மிஸ், எங்கம்மா இப்பல்லாம் ரொம்பக் கோவப்படுறாங்க என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிரிக்கும் நாளன்று ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு அதன் முன்னால் ஒன்றையும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். இதைப் பிரிக்க வேண்டாம், கொண்டுபோய் வீட்டிலேயே மாட்டு, யாரிடமும் சொல்லாதே என்றேன். சட்டம் போட்டவளே மீறிய ஒரே இடம் அதுதான்.

புதன்கிழமை மீட்டிங்குக்குத் தாளாளரே நோண்டுற ரூமுக்குள் வந்து நின்றார். மூணு வருஷமா பிள்ளைங்க என்னம்மா பண்ணாங்க, எடுத்துக் காட்டுங்க பாப்போம் என்றார். நான் டப்பாக்களைத் திறந்து காட்டினேன். மோட்டார் ஒரு டப்பா, சுருட்டிய வயர் ஒரு டப்பா, அளவு வாரியாக ஸ்க்ரூ. என்னம்மா இது, பழைய இரும்புக் கடை மாதிரி இருக்கு, பக்கத்து ஸ்கூல்ல ரோபோ பண்ணிக் கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க, வர்ற பெற்றோருக்கு நாம எதைக் காட்டுறது என்றார். தலைமை ஆசிரியை தன் பங்குக்கு எண்ணிப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்கா வச்சும் ஒரு மோட்டாரும் சுவிட்சும் குறையுதே மிஸ் என்றார். வாசலில் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் சொல்லியிருந்தால் அறை பிழைத்திருக்கலாம். கையோடு ஆள் அனுப்பி அதைக் கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள், சில்வண்டுக்குக் கை தட்டியிருப்பார்கள், சீட்டு ஒட்டிக் கண்ணாடிக்குள் வைத்திருப்பார்கள், அவள் அம்மா மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நான் படித்த கதைகளில் எல்லாம் இப்படிப்பட்ட நேரத்தில் யாராவது எழுந்து நின்று பேசிவிடுவார்கள். நான் டப்பாக்களை மூடினேன். வரும் வாரத்திலிருந்து அது டெஸ்ட் எழுதும் அறை என்று முடிவாயிற்று.

நாலு நாளாக எதிலும் கை ஓடவில்லை. மூன்று வருஷம் ஒன்றுமே செய்யவில்லை என்று தாளாளர் நினைத்தது தப்பு என்று எனக்குத் தெரிகிறது, தப்பு என்று காட்டத்தான் என்னிடம் ஒன்றுமில்லை. பிள்ளைகளின் கையில் தங்கியதை எந்த அலமாரியில் எடுத்து வைப்பது. விடு, போகிறது என்கிறார் அப்பா. சாப்பாட்டுத் தட்டை அவரே கழுவி வைக்கிறார், அதிலிருந்தே என் நிலைமையை நீ தெரிந்துகொள்ளலாம். உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், நம்மைப் பார்த்து அக்கா தங்கையா என்று கேட்பார்கள், ஆனால் இந்த வாரம் கண்ணாடியில் உன் பாட்டி வயதில் ஒருத்தி தெரிகிறாள். இதற்காக நீ லீவு போட்டுக்கொண்டு ஓடிவராதே. வந்தாலும் அறை திறக்காது.

உன் அறையில் ஹீட்டர் வயர் கிழிந்திருக்கிறது என்றாயே, டேப் சுற்றி ஓட்டாதே கண்ணு, வயரையே மாற்று, உனக்குத் தெரியாத வேலையா அது. வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. தொட்டதெல்லாம் உனக்கு நிலைக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை எழுதியதை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று காலை மணி அடிப்பதற்கு முன்னால் சில்வண்டு வந்தாள். சாமான் குறையுதுன்னு நீங்க திட்டு வாங்கினீங்களாமே மிஸ், அதுக்குத்தானே ரூமை மூடிட்டாங்க, இந்தாங்க, எல்லாம் சரியா இருக்கு என்று ஒரு டிபன் டப்பாவை நீட்டினாள். அதற்காக மூடவில்லை, எடுத்துக்கொண்டு போ என்றேன். ரூம் தெறந்ததும் மறுபடி செஞ்சுக்கிறேன் மிஸ், எனக்குத்தான் பிரிக்கத் தெரியுமே என்று மேஜைமேல் வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டாள். மோட்டார், சுவிட்ச், ஸ்க்ரூ, சுருட்டிய வயர் எல்லாம் துடைத்து ரகம் பிரித்து இருந்தன. பக்கத்தில் டம்ளரும் இருந்தது. அது பள்ளிக்கூடத்து டம்ளர் இல்லை, அவர்கள் வீட்டு டம்ளர்.