நான் கூட்டிச் சொன்ன இரண்டு செட்

அன்பு மகளுக்கு,

மைதானத்தில் எல்லோரும் 'விசில் சார்' என்று அழைக்கும் உன் அப்பா, கல்லூரி உடற்கல்வி இயக்குநர், நல்ல நிதானத்தோடு எழுதுவது. நோக்கம் ஒன்றே. வெள்ளிக்கிழமை உன் தலைமைப் பயிற்சியாளர் முன் நீ விளக்கம் சொல்ல உட்காருவதற்குள், நடந்தது என்னவென்று என் கையெழுத்திலேயே நீ படித்துவிட வேண்டும். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே விழுங்காமல் உட்கார்ந்து சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். மாடிக் குழாயைச் சரிசெய்தாயிற்று. அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, இனி உங்க முகத்துல எதையும் ஒளிக்க முடியாது என்கிறாள். இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டால் நான் பாதியிலேயே குழாயைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன். அதனால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

பயிற்சி மையத்தில் உன் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று போன மாதம் எழுதியிருந்தாயே, அதை ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினேன். காலை ஆறு மணிக்கு எடைக்கூடத்தைத் திறந்து கம்பிகளை நீயே துடைப்பது, வருகிற ஒவ்வொருவரிடமும் எப்படித் தூங்கினாய் என்று கேட்டுக் குறிப்பது, தரையில் பதித்த அளவுத் தட்டின் மேல் குதிக்கச் சொல்லி, குதித்த உயரம் நேற்றைவிடக் குறைந்தால் அன்றைய எடையைக் குறைப்பது, உலகப் போட்டியில் பதக்கம் வாங்கியவர்கள் உன் கைத்தாளைப் பார்க்க வரிசையில் நிற்பது, எல்லாவற்றையும் வாசித்தேன். கணிதப் பேராசிரியர், தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும்னு சும்மாவா சார் சொன்னாங்க என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். எட்டடியோடு நின்றுபோனவருக்கு எப்படி இருக்கும் என்று அந்தப் பழமொழி விசாரிக்கவில்லை, பேராசிரியரும் விசாரிக்கவில்லை.

எப்படி இருந்தது என்று சொல்கிறேன். நம் மைதானமே 'தூண்' என்று பட்டப்பெயர் வைத்த அந்தப் பையனை, குண்டு எறிதலில் ஆறு வருடம் நான் வளர்த்தேன். என்னிடமிருந்து உன் மையத்துக்கு வந்தபோது அவன் தூரம் பதினேழு மீட்டர் நாற்பத்தொன்று. பதினோரு வாரத்தில் நீ அவனைப் பதினெட்டைத் தாண்ட வைத்தாய். அந்தக் காணொளியை நான் எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்பது அம்மாவுக்குத் தெரியும். முன்பெல்லாம் குண்டு கையை விட்டதும் அவன் முதலில் திரும்பிப் பார்ப்பது என் முகத்தை. இப்போது உன்னைத் திரும்பிப் பார்த்தான். நீங்க எறியறதைப் பாக்குறீங்களா, திரும்புறதைப் பாக்குறீங்களா என்று அம்மா கேட்டாள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். பெற்ற மகள் மேல் ஒருவனுக்குப் பொறாமை வருமா என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால், அப்படி ஒரு ஈனப்பிறவி இருக்க முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

போன புதன்கிழமை மாலை அவனைக் கூப்பிட்டேன். நாளைக்கு என்னடா பயிற்சி என்றேன். லேசான நாள் சார், அக்கா மூணு செட் ஸ்குவாட்தான் எழுதியிருக்காங்க என்றான். மூணு செட்டெல்லாம் உனக்குக் காணாதுடா, இன்னும் ரெண்டு கூட்டிப் போடு, பத்துக் கிலோ ஏத்திக்கோ, அவ புத்தகம் பாத்து நடத்துறவ, அவகிட்ட சொல்ல வேண்டாம் என்றேன். தாள்ல இல்லையே சார் என்று இழுத்தான். ஆறு வருஷம் எந்தத் தாளைப் பாத்துடா எறிஞ்சே என்று அதட்டினேன். மறுநாள் நீ சாப்பிடப் போன நேரத்தில் அவன் அந்த இரண்டு செட்டையும் போட்டிருக்கிறான். ஐந்தாவது செட்டில், தோளில் எடையோடு உட்கார்ந்து எழும்போது, இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது செட்டில் பிடித்தது என்று உன்னிடம் சொன்னது என் வார்த்தையைக் காப்பாற்றத்தான்; அவனை நீ கோபிக்காதே.

ஒரு வீரனுக்கு ஒரே வாய்தான் உத்தரவு சொல்ல வேண்டும் என்று மைதானச் சுவரில் எழுதி வைத்தவன் நான். வேலிக்கு வெளியே நின்று யோசனை சொன்னதற்காக உன் மாமாவையே விரட்டிவிட்டு, அவர் இரண்டு வருடம் நம் வாசலை மிதிக்காததற்கும் அசராமல் இருந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். மூன்றாவது செட்டின் எடையை நான்கு நாளாகத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறேன், எங்க தப்பு பண்ணேன்னே தெரியலப்பா என்றாய். தேர்வுப் போட்டிக்கு அவன் தேறுவானா என்பதே சந்தேகம், உன் வேலையும் நிலைக்குமா தெரியாது என்றாய். அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். அனுபவம் வந்தா சரியாயிடும்மா என்றேன். அதைச் சொன்னபோது எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. இரண்டு செட்டைவிடப் பெரிய குற்றம் அதுதான். நீ அழுதபோதுதான் அந்தத் திருப்தி போயிற்று.

உன் கணக்கில் பிழை இல்லை, மகளே. அந்தத் தாளில் பிழை தேடியது போதும், மடித்து வை. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன் கை பட்டவர்கள் காயமின்றி எழட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே: வெள்ளிக்கிழமை அந்த அறையில் என்னைக் காப்பாற்ற ஒரு சொல்லும் சொல்லாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

இதை முடித்ததும் உன் தலைமைப் பயிற்சியாளருக்கு எழுதப் போகிறேன். புதன்கிழமை அழைத்த நேரம், சொன்ன எடை, சொன்ன சொற்கள், எதையும் விடமாட்டேன். போட்டிப் பதிவில் தூணின் பெயருக்கு எதிரே பயிற்சியாளர் என்ற இடத்தில் இன்னமும் என் பெயர்தான் இருக்கிறது; அதை அடித்துவிட்டு உன் பெயரை எழுதும்படி அதிலேயே கேட்டுக் கையெழுத்திடுவேன். மனம் நிறைந்து செய்கிறேன் என்று எழுதினால் அது பொய். ஆனாலும் செய்வேன், இன்றைக்கே.

இப்படிக்கு,
உன் அப்பா