நிற்காத வேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். நேரில் பேச எனக்கு வாய் வரவில்லை.

இன்று ஒன்பதாம் வகுப்பில், ஜெர்மனியில் யூதர்களைக் கொல்வதற்காக ரயில் ரயிலாக ஏற்றிப்போனதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்புமொழி எழுந்தாள். நம் ஊர் ஒதுக்கிவைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை.

“ரயில் ஓட்டுனவங்களுக்கு உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியுமா டீச்சர்?”

“தெரியும்” என்றேன்.

“அவங்க என்ன பண்ணுவாங்க? நம்ம வேன் மாமா மாதிரி வேலையத்தான பாத்தாங்க” என்றான் பின்பெஞ்சில் ஒருவன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

நீங்கள் ஸ்கூல் வேனை அவள் வீட்டு வாசலில் நிறுத்தாமல் ஓட்டும்போது, முன் சீட்டில் நான் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் கீரனூர் ரோட்டில் நடந்து வருகிறாள்.

நிறுத்தினால் நம்மையும் ஒதுக்குவார்கள் என்று தெரியும். ஆனாலும் நாளைக் காலை நிறுத்துங்கள் அப்பா. கதவை நான் திறந்துவிடுகிறேன்.

உங்கள் மகள்