பச்சை பிடித்த தொட்டி

ஜூன் 4

நிறப் பிரிவின் தலைமை அம்மையாருக்கு,

வீட்டுக்காரன் எழுதுவது. போனில் பேசினால் நீ குறுக்கே பேசி ஜெயித்துவிடுகிறாய். கடிதமென்றால் நான் முடிக்கும்வரை நீ சும்மா இருந்தாக வேண்டும். இனி கடிதம்தான்.

இங்கே நலம். முட்டி வலி அதன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது. நீ விட்டுப்போன நான்கு ஆர்க்கிட் செடிகளும் ஜன்னலோரம் இருக்கின்றன. குடிநீர் வாரியத்தில் முப்பது வருஷம் ஊருக்கே வால்வு திறந்தவனிடம், "தண்ணிய பாத்து ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். காலை ஆறு, மாலை ஆறு. ஒரு நாள் தவறவில்லை. அந்தக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தொட்டிகளுக்குள் இப்போது வேர், மண்ணுக்குப் பதிலாக நீ போட்ட மரப்பட்டைத் துண்டு எல்லாமே பச்சைப்பசேல் என்றிருக்கிறது. கடிதத்தோடு போட்டோ வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

இலைகள்தான் கொஞ்சம் துவண்டிருக்கின்றன. தாகம் போலிருக்கிறது என்று மத்தியானமும் ஊற்றுகிறேன். ஒரு வேர் தொட்டி விளிம்பைத் தாண்டி வெளியே வந்திருந்தது, உன்னைப்போல. உள்ளே தள்ளினேன், ஒடிந்துவிட்டது.

தங்கச்சி வந்து பார்த்துவிட்டு, "அண்ணி போனதுலேருந்து செடிக்கே மூஞ்சி செத்துப்போச்சுண்ணே" என்றாள். அந்த ஊர்த் துணிக் கம்பெனியில் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு, தொடர்வதா வேண்டாமா என்று சொல்லச் சொன்னார்கள் அல்லவா? வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து சேர்.

இப்படிக்கு,
செடிக்கும் உனக்கும் காவல் இருப்பவன்


ஜூன் 11

தண்ணீர்த் துறை அதிகாரிக்கு,

குறுக்கே பேசாமல் முழுவதும் படித்தேன். இப்போது நீங்கள் சும்மா இருங்கள்.

சாயம் போட்ட துணியில் பச்சைக்கும் பச்சைக்கும் வித்தியாசம் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. உங்கள் போட்டோவில் இருப்பது செடியின் பச்சை இல்லை. பாசி. குளியலறை மூலையில் கால் வழுக்குமே, அந்த இனம். வெளிச்சம் படும் தொட்டியில் ஈரம் காயவே இல்லையென்றால் வரும். பாசி செடியைக் கொல்லாது. தண்ணீர் அதிகம் என்று காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். கொல்வது நீங்கள். வேர் அழுகிவிட்டால் தண்ணீரில் நின்றாலும் குடிக்க முடியாது. இலை துவளுவது அதனால். நீங்கள் அதற்கு மேலும் ஊற்றுகிறீர்கள்.

செடியை வெளியே எடுங்கள். கையில் அழுத்தமாக நிற்கும் வேரை விட்டுவிட்டு, பழுப்பாகக் கொழகொழவென்று இருப்பதையெல்லாம் கொதிநீரில் முக்கியெடுத்த கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பழைய மரப்பட்டையைக் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதிய பட்டை போடுங்கள். அப்புறம் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். வேர் வெள்ளி நிறமாக வெளுத்து, தூக்கினால் தொட்டி லேசாக இருந்தால் மட்டும் தண்ணீர். அடித்தட்டில் தேங்க விடாதீர்கள்.

வெளியே வருகிற வேர் வழி தவறியது இல்லை. இந்தச் செடிகள் அப்படித்தான். காற்றில் இருக்கிற ஈரத்தையே குடிக்கும். அதை ஒடித்ததில் எனக்குக் கோபம். "உன்னைப்போல" என்று எழுதியதில் இல்லை. அது சரிதான்.

இங்கே லாரியில் சரக்கு ஏற்றும் மேஸ்திரி, "மேடம், வீட்டுக்காரர் உங்கள தனியா விட்டுட்டாரா?" என்று கேட்டார். "நான்தான் அவரத் தனியா விட்டுட்டு வந்திருக்கேன்" என்றேன். மனிதர் அதற்கப்புறம் என்னிடம் ஊர்க்கதை பேசுவதில்லை.

முட்டிக்கு எண்ணெய் தடவுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 20

இரண்டு செத்துவிட்டன. சந்தோஷமா?

அங்கிருந்தே செடிக்கு வைத்தியம் எழுதத் தெரிகிறது, வீட்டுக்கு வரத் தெரியவில்லை. தொட்டி லேசா கனமா என்று பார்க்க நான் என்ன தராசா? இந்த மாதக் கடைசிக்குள் நீ வரவில்லையென்றால் மிச்சம் இரண்டையும் குப்பையில் போடுவேன். அதற்குமேல் நீயாச்சு, உன் சாயமாச்சு.

வீட்டுக்காரன்


ஜூன் 27

அன்புள்ள உங்களுக்கு,

போடுங்கள்.

நான்கும் செத்தாலும் நான் வேலையை விட்டு வரப்போவதில்லை. நான் ஒரு அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் வீட்டில் ஏதாவது ஒன்று வாடிவிடும். முதல் தடவை இந்தப் பதவி வந்தபோது உங்கள் அம்மாவின் இடுப்பு முறிவு. அடுத்த தடவை மகனின் பரீட்சை. இரண்டு தடவையும் வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. இந்தத் தடவை ஆர்க்கிட். அதற்காக எழுத மாட்டேன். சம்மதம் என்று நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இன்னொன்று. போன வாரம் வந்த ஒரு பெரிய சரக்கில் நீலம் மயிரிழை அளவு மங்கல். நிறுத்தச் சொன்னேன். முதலாளியின் தம்பி வந்து, "மனுஷக் கண்ணுக்குத் தெரியாதும்மா இந்த வித்தியாசம்" என்றார். "எனக்குத் தெரியுதே சார்" என்றேன். சத்தம் போட்டார். நான் நகரவில்லை. சரக்கு திரும்பிப் போயிற்று. அன்று அறைக்கு நடந்து வரும்போது யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நினைத்துப் பார்த்தால் உங்களிடம்தான். அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

வந்து பார்க்க வேண்டுமென்றால் வாருங்கள். கூட்டிப்போக வேண்டுமென்றால் வராதீர்கள்.

நான்


ஆகஸ்ட் 16

நிறப் பிரிவுத் தலைவிக்கு,

குப்பையில் போடவில்லை. நீ போடச் சொன்னதால்தான் போடவில்லை. நீ சொல்லி நான் எதைச் செய்திருக்கிறேன்?

உன் கடிதம் வந்து நாளாயிற்று. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இப்போதும் தெரிந்துவிடவில்லை.

அழுகின வேரை வெட்டினேன். ஒன்றில் வெட்டியதும் எதுவும் மிஞ்சவில்லை. மற்றதில் மூன்று வேர் இருந்தது. அது பிழைத்துக்கொண்டது. ஆறு மணியானால் கை தானாகக் குவளையைத் தேடுகிறது. அப்போது செருப்பைப் போட்டுக்கொண்டு தெருக்கோடிவரை போய்விட்டு வருகிறேன். நீ எழுதியது சரிதான், தொட்டியைத் தூக்கிப் பார்த்தால்தான் தண்ணீர் வேண்டுமா என்று தெரிகிறது. கடிகாரத்துக்கு அது தெரியாது. பாசி காய்ந்து உதிர்ந்துவிட்டது.

தங்கச்சி வந்திருந்தாள். புது வேர் ஒன்று விளிம்பைத் தாண்டி வந்திருக்கிறது. "என்னண்ணே இது, அசிங்கமா வெளிய தொங்குது. உள்ள தள்ளி விடு" என்று விரலை நீட்டினாள்.

"கைய எடு. அது அங்கதான் இருக்கும். நீ டீயக் குடி."

"அண்ணியும் அங்கதானா?" என்றாள்.

"டீ ஆறுது பாரு" என்றேன்.

அந்த நீலத் துணி அப்புறம் என்னவாயிற்று? முதலாளியின் தம்பி மறுபடி வாயைத் திறந்தானா? ஒன்று விடாமல் எழுது. குறுக்கே பேச மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்