ஒரு ‘டா’வுக்கு அரைப்பேர்

ஐப்பசி 14, வியாழன் இரவு.

காலையில் இரண்டு கையிலும் ரப்பர்பால் வாளிகளோடு, பால் அளக்கும் ஸ்டோருக்கு இறங்கிய வள்ளியின் இடுப்பில், வழியில் நின்ற, ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை கைவைத்தான். போன வாரமும் இப்படித்தான். அன்று அவள், “ஐயா, கைய எடுங்க” என்றாளாம். அவன் சிரித்தானாம். பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னிடம் அழுதபோது, “அவனுக்கென்னடி ‘ங்க’?” என்று நான்தான் திட்டினேன். இன்று “கைய எடுடா!” என்று மலையே கேட்கக் கத்தியிருக்கிறாள்.

மத்தியானம் ஆபீசில் விசாரணை. நானும் கூடப் போனேன். கணக்கப்பிள்ளையை ‘டா’ போட்டாளா இல்லையா, அது ஒன்றுதான் கேள்வி. விசாரித்த தோட்டத்துத் துரைக்குத் தமிழில் நன்றாகத் தெரிந்த சொல்லே அந்த ‘டா’தான். தினமும் ஆட்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

“இவரு கை எங்க இருந்துச்சுன்னு கேளுங்க தொர” என்றேன். அங்கே என் வாயிலும் ‘இவரு’தான் வந்தது.

“டீச்சரம்மா, ஒங்க வேல பள்ளிக்கூடத்துல” என்றார் பெரிய கிளாக்கர்.

வள்ளிக்கு அரைப்பேர். இன்றைய மரம் முழுக்கப் பால் வெட்டியும் பாதி நாள் சம்பளம்தான்.

லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது அவள் அழவில்லை. “‘டா’வுக்கு அரப்பேரு போட்டாங்க. அந்தக் கைக்கு என்னாங்க டீச்சர் போட்டாங்க?” என்று கேட்டாள்.