ஆறு பாய் அறை

சிசுருவுக்கு,

நம் மகளின் நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்ததும் நீ சொல்லிவிட்டுப் போனபடியே, அவள் அறையில் தரை முழுக்கப் பதித்திருக்கும் ஆறு தத்தாமி வைக்கோல் பாய்களையும் எடுத்துவிட்டு மரத்தரை போட எங்கள் கடையிலேயே எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தேன். பலகை, பசை, வெட்டில் வீணாகும் துண்டுகளுக்குக் கொஞ்சம் கூடுதல்.

முதலாளி எந்த வீடு என்று பார்க்காமலே சிரித்தார். "யோவ், ஆறு பாய் அறைக்கு அஞ்சு பாய் அளவுக்குத்தான் பலகை கேட்டிருக்கே. மீதி இடத்துல குளமா வெட்டப் போறே?"

வீட்டுக்கு வந்து மறுபடி அளந்தேன். ஜன்னலோரப் பாயில் அவளுடைய படிப்பு மேசையின் கால்கள் அழுந்திய பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. மறுபடியும் ஐந்துதான் வந்தது.

உன் அம்மா வீட்டிலிருந்து வந்ததும் டேப்பின் மறுமுனையை நீ பிடித்துக்கொள். தனியாக என்னால் அந்த ஜன்னல்வரை அளக்க முடியவில்லை.

உன் வீட்டுக்காரன்